வேயா மாடம்: தமிழகத்துக் கூரைத்தளங்களின் வெப்பத்தடையும் செலவும் தரமும்

தமிழர் கட்டடக்கலை குறித்து எழுந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் கோயிலையும் கோட்டையையும் அரண்மனையையும் பொருளாகக் கொண்டன. மக்கள் குடியிருந்த மனைகளைப் பற்றிய ஆராய்ச்சி சிறிதே. அம்மனைகளின் கூரைமேல் வெயிலைத் தடுப்பதற்கு என்ன இடப்பட்டது, எத்துணைத் தடிப்பில் இடப்பட்டது, இட்ட வேலை செம்மையாக முடிந்ததை எவர் எவ்வாறு அறிந்தனர், அதற்கான செலவு எதன்மேல் விழுந்தது என்னும் வினாக்கள் ஆராய்ச்சியாளரின் கருத்தைப் பெரிதும் ஈர்த்தனவாகத் தோன்றவில்லை. அவற்றை ஒருங்கே எடுத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தமிழகத்துக் கூரைத்தளத்தின் தரம் முன்னாளில் காலத்தால் அளக்கப்பட்டது. பின்னர்த் தடிப்பால் அளக்கப்பட்டது. இந்நாளில் கணக்கிட்டுப் பெறும் ஓர் எண்ணால் அளக்கப்படுகின்றது. அளவை மாறுந்தோறும் தரத்தை அறிந்து சொல்லும் உரிமை கைமாறியது. செலவைக் குறைக்கும் இடமும் மாறியது. இதுவே யாம் நிறுவ முயலும் கருத்து.

வேய்ந்தவும் வேயாதனவும்

'வேய்' என்னும் வினை கூரையிடுதலைக் குறிக்கும் பழஞ்சொல். சங்க நூல்களுள் இச்சொல்லின் ஆட்சியைப் பொருளோடு பொருத்திக் காண விரும்புவார்க்குப் பெரும்பாணாற்றுப்படை பெரிதும் உதவும். பாணன் செல்லும் வழியில் நிலந்தோறும் வீடு மாறுகின்றது. வீடு மாறுந்தோறும் வேயும் பொருளும் மாறுகின்றது. எயினர் குடில் ஈந்தின் இலையால் வேயப்பட்டது. அதன் புறத்தோற்றத்துக்கு முட்பன்றியின் முதுகை உவமை கூறுகின்றார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். முல்லைநிலத்துச் சீறூரில் வரகு வைக்கோலையும், மருதத்துக் குடிலில் புதிய வைக்கோலையும், மீன் பிடிப்போர் குடிலில் தருப்பைப் புல்லையும், தோட்டத்து உழவர் மனையில் காய்ந்த தென்னை மடலையும் அவர் காட்டுகின்றார்.

இவ்வேறுபாட்டை நிலவளம் காட்டும் புலவர் திறம் என்று கொள்ளுதல் பொருந்தும். எனினும் கூரையை ஆராய்வார்க்கு இங்கே வேறு இரண்டு செய்திகள் புலப்படும். இவை யாவும் அவ்வந் நிலத்தில் விலையின்றியோ சிறு விலைக்கோ கிடைப்பன. யாவும் தம் தாள்களுக்கிடையே காற்றை அசையாமல் அடக்கி வைப்பன. அடங்கிய காற்றின் ஊடே வெப்பம் எளிதிற் கடவாது. வேய்ந்த கூரையின் செலவு பொருளில் இல்லை, உழைப்பில் இருந்தது. அவ்வுழைப்பும் ஒரேயடியாகக் கொடுக்கப்படாமல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தவணையாகக் கொடுக்கப்பட்டது. தரத்தின் சோதனையை மழை செய்தது. ஒழுகினால் மீண்டும் வேய்ந்தனர். வேய்ந்தவரும் வாழ்ந்தவரும் பெரும்பாலும் ஒருவரே ஆதலின், ஏமாற்றுவாரும் ஏமாறுவாரும் அங்கு இலர்.

இனி, சிலப்பதிகாரத்து இந்திரவிழவூர் எடுத்த காதையில் 'வேயா மாடம்' என்னும் தொடர் வருகின்றது. உரைவழி நின்றோர் இதனை நிலாமுற்றம் என்பர். வேயப்படாமை ஒரு வீட்டுக்கு அடையாளமாகக் கூறப்படுதல் நோக்கத்தக்கது. எல்லா வீடும் வேய்ந்தனவாக இருந்த உலகில், மட்டமான சாந்துத் தளம் உடைய மாளிகை எதிர்மறைப் பெயர் பெற்றது. இன்று நாம் 'மொட்டை மாடி' என்பதும் அவ்வகையே. 'நிலாமுற்றம்' என்னும் பெயரோ இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றது. இரவில் நிலவொளியில் அமர்தற்கு உரிய இடம் அது. பகலவனோடு அதனைச் சார்த்திப் பெயரிட எவரும் துணியவில்லை.

இவ்விடத்து ஒரு கருத்தை மறுத்தல் வேண்டும். நெடுநல்வாடையில் மேனிலையில் அமைந்த வேனிற்பள்ளி கூறப்படுவதையும், சிலப்பதிகாரம் வேனிற்பள்ளியோடு கூதிர்ப்பள்ளியையும் கூறுவதையும் கொண்டு, பண்டைத் தமிழர் வெப்பத்தைத் தடுக்கும் கூரை அமைக்கும் நுட்பத்தில் கைதேர்ந்திருந்தனர் எனக் கூறுதல் எளிது. பாட்டு அவ்வாறு கூறவில்லை. நெடுநல்வாடையின் வேனிற்பள்ளி தென்றலைக் கொணரும் பலகணிகளை உடையது. வாடைக்காலம் ஆதலின் அவற்றின் கதவுகள் தாழிடப்பட்டன. விசிறியும் சுருக்கித் தொங்கவிடப்பட்டுச் சிலந்தி நூல் படிந்து கிடக்கின்றது. ஆகவே அரண்மனையில் வேனிலை வென்றது காற்றோட்டமே. கூரையின் தடை பற்றிப் பேச்சே இல்லை. பலகணிக்குக் 'காலதர்', காற்று வரும் வழி, எனப் பெயரிட்டமையும் இதனோடு ஒத்துச் செல்லும். கூரை வெயிலை விட்டது. காற்று அதனைக் கொண்டு சென்றது. காற்று வீசாத நாளில் வேயா மாடத்தின் மேனிலை வாழ்தற்கு அரிய இடமாகவே இருந்திருக்கும் என்பது எம் கருத்து.

ஓட்டுக் கூரையை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. நாட்டோடு இரட்டை அடுக்காக வேயப்படுங்கால் அடுக்குகளுக்கிடையே காற்று நிற்கும். 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் பாசல் மிசன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஒற்றை ஓட்டில் அவ்வளவு காற்றடுக்கு இல்லை. ஓடு எளிதில் மாற்றத்தக்கது, தீப்பற்றாதது. அதன் வெற்றிக்கு அவையே காரணம்.

சென்னைத் தளம்

வேயா மாடத்தின் பிற்கால வடிவமே சென்னைத் தளம். பொறியியலார் இதனை 'மெட்ராசு டெரசு' என ஊர்ப்பெயராலேயே வழங்குவர். இந்தியத் தர நிறுவனம் இதற்கெனத் தனி விதித்தொகை ஒன்று வகுத்துள்ளது. அதன் எண் 2119, திருத்திய பதிப்பின் ஆண்டு 1980. ஒரு நகரின் பெயரைத் தாங்கிய கூரை தேசியத் தரவிதியில் இடம்பெறுதல் அரிது.

இத்தளத்தின் உயிர் சுண்ணாம்பு. சென்னைச் சுண்ணச் சாந்தின் புகழ் 18-ஆம் நூற்றாண்டிலேயே கடல் கடந்தது. செயிண்ட் எலினாத் தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பார் சென்னையில் சிறந்த சாந்து செய்யும் முறையை எழுதி அனுப்ப, இலண்டன் அரச கழகத்தின் இதழில் 1732-ஆம் ஆண்டளவில் அது வெளிவந்தது. சுண்ணாம்பும் மணலும் கலந்த கலவைக்கு வெல்லக் கரைசலையும், பயற்றையும் கடுக்காயையும் ஊறவைத்துக் காய்ச்சிய நீரையும் சேர்க்குமாறு அவர் கூறுகின்றார். மேற்பூச்சுக்கு முட்டை வெண்கரு, நெய், தயிர் ஆகியவற்றையும் குறிப்பிடுகின்றார். கொத்தனாரின் கலவைத் தொட்டி சமையற்கட்டோடு போட்டியிட்ட காலம் அது. இவை வீண் ஆரவாரம் அல்ல. சர்க்கரைப்பொருள் நீரில் சுண்ணாம்பு கரையும் அளவை மிகுவிக்கும். கலவை விரைந்து உலராமல் காக்கும். மயமதம் முதலிய சிற்ப நூல்களும் சுதைக் கலவைபற்றி விரிவாகப் பேசுகின்றன. ஆனால் நம் நாட்டில் பெருவழக்கான மனையடி சாத்திரமோ அறையின் அடிக்கணக்குக்குப் பலன் சொல்வதோடு நின்றுவிடுகின்றது. கூரையின் தரம்பற்றிக் குடியானவனுக்கு அது சொல்லித் தருவது ஒன்றும் இல்லை. தரம் பற்றிய அறிவு ஏட்டில் இல்லாது கையில் இருந்தது என்க.

தளம் அமைக்கும் முறையைச் சுருங்கக் கூறுவாம். தேக்கு விட்டங்களின்மேல் ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கட்டைகள் பரப்பப்படும். அவற்றின்மேல் ஓர் அங்குலத் தடிப்புடைய சிறு தளச் செங்கற்கள், சுண்ணச் சாந்தில், நெட்டுக்குத்தாக, மூலைவாட்டமாக அடுக்கப்படும். இவ்வடுக்கு இறுகியபின் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை 3 அங்குலத் தடிப்பில் இடப்படும். அதன்மேல் தட்டோடுகள் சாந்தில் பதிக்கப்பட்டு, மழைநீர் ஓடுவதற்கு வாட்டம் வைத்துப் பூசி முடிக்கப்படும். வெயிலுக்கும் மழைக்கும் தடையாவது இந்த ஜல்லிக் காரையே.

ஜல்லிக் காரையை இட்டால் மட்டும் போதாது. அதனை அடித்தல் வேண்டும். சுண்ணாம்புக் காரைத் தளத்துக்கான 3036 எண்ணுடைய இந்தியத் தரவிதியின்படி இவ்வேலை ஒரு நாளில் முடிவதன்று. முதலில் கனத்த கட்டையால் மட்டப்படுத்தி, அதன்பின் கைக்கட்டைகளால் ஏழு நாள் அடித்தல் முறை. அடிப்போர் நெருங்கி அமர்ந்து, ஒத்த தாளத்தோடு மெல்ல அடித்து, சிறிது சிறிதாக முன்னகர்வர். மேற்பரப்பு உலராதபடி வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீர் தெளிக்கப்படும். வடநாட்டில் கடுக்காய்க்கு மாற்றாக வில்வப்பழம் பயன்படும். இவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் சித்தாட்களாகிய பெண்டிர். எப்போது நிறுத்துவது? அடித்த கட்டை காரையில் தடம் பதியாமல் துள்ளி எழும்போது நிறுத்துவது. கட்டை துள்ளாதவரை வேலை முடியவில்லை.

(சுண்ணம் இடித்தல் என்றவுடன் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் நினைவுக்கு வருதல் இயல்பு. அது நறுமணப் பொடி. இது நீற்றிய சுண்ணாம்பு. ஆயினும் பலர் கூடி ஒரே தாளத்தில் உழைக்கும் முறையே அங்குப் பாட்டையும் இங்குக் காரையையும் இறுக்கியது.)

இச்சோதனையின் சிறப்பை நம் மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். கட்டை துள்ளுகின்றதா என்பதை மேஸ்திரி அறிவார், சித்தாள் அறிவார், திண்ணையில் அமர்ந்திருக்கும் வீட்டுக்காரரும் ஓசையால் அறிவார். நீரைத் தேக்கி வைத்துக் கசிவு பார்ப்பதும் அத்தகையதே. கருவி வேண்டா, கல்வி வேண்டா. ஆனால் காலம் வேண்டும், நாட்கூலி வேண்டும். சுண்ணாம்பை ஊறவைத்து நீற்றும் நாட்கள், அரைக்கும் நாட்கள், அடிக்கும் நாட்கள் ஆகிய இவற்றின் தொகையே அத்தளத்தின் விலை. பண்டைய உரோமிலும் இக்கருத்து நிலவியது. மூன்று ஆண்டுக்குக் குறைவாக ஊறிய சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தலாகாது எனப் பழைய கட்டடச் சட்டங்கள் தடுத்தமையைப் பிளினி குறித்துள்ளார். சட்டம் நாளை எண்ணியது, கனத்தை எண்ணவில்லை.

அளவை மாறிய வரலாறு

சிமிட்டி இவ்வமைப்பை இரு வழிகளில் மாற்றியது. மதுக்கரையில் 1934-ஆம் ஆண்டிலும் டால்மியாபுரத்தில் 1939-ஆம் ஆண்டிலும் தொழிற்சாலைகள் எழுந்தபின் தமிழகத்தில் சிமிட்டி பெருகியது. தேக்குக் கட்டையும் தளச்செங்கல்லும் செய்த பாரந்தாங்கும் வேலையைக் கம்பி வைத்த கான்கிரீட்டுப் பலகம் ஏற்றுக்கொண்டது. ஜல்லிக் காரை அதன்மேல் ஒரு போர்வையாக எஞ்சியது. முன்னர்க் கூரையின் உடம்பாக இருந்தது இப்போது உடுப்பாயிற்று. உடுப்பு இல்லாமலும் உடம்பு நிற்கும்.

சொல்லும் இம்மாற்றத்தைக் காட்டுகின்றது. தமிழகத்துக் கட்டடத் தொழிலாளர் இப்போர்வையைச் 'சுருக்கி' என்பர். இது பாரசீகத்தில் சிவப்பைக் குறிக்கும் 'சுர்க்' என்பதன் அடியாகப் பிறந்து, செங்கற்பொடிக்குப் பெயராகி, வடநாட்டு வழியாக நம்மிடம் வந்த சொல். செங்கற்பொடி சுண்ணாம்போடு சேர்ந்து நீரிலும் இறுகும் தன்மை தரும். இன்று சுருக்கி போடும் பலர் பொடியைக் கண்ணாற் காண்பதில்லை. ஜல்லியும் சுண்ணாம்பும் மட்டுமே சேர்க்கின்றனர். பொருள் நீங்கப் பெயர் நின்றது.

பொதுப்பணித் துறையின் வேலைக்குறிப்பு இதற்கு வகுத்த அளவு குறிப்பிடத்தக்கது: 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய தூய சுண்ணாம்பு 12.5 பங்கு, மணல் கூடாது. இதன்மேல் அழுத்திய தட்டோடு ஓரடுக்கு, சிமிட்டிச் சாந்தில் பதிக்கப்படும். பங்கு துல்லியமானது, குறை சொல்ல இடமில்லை. ஆனால் முடிந்த வேலைக்குப் பணம் கொடுக்கும் முறையை நோக்குக. பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதுவது நீளம், அகலம், சராசரித் தடிப்பு ஆகிய மூன்றே. இவற்றின் பெருக்கம் கனஅளவு, கனஅளவுக்குப் பணம். தனியார் வீடுகளிலோ தடிப்பும் பேச்சளவில் நிற்க, சதுர அடிக்குப் பணம். எத்தனை நாள் அடித்தனர் என்பதற்கு அப்புத்தகத்தில் கட்டம் இல்லை. விதி அடிக்கச் சொல்கின்றது. கணக்கு அடித்ததற்குக் கொடுப்பதில்லை. ஒப்பந்தக்காரர் நேர்மையுடையவராயினும், ஏழு நாட் கூலியை முழுமையாகக் கொடுப்பவர் ஒரு நாளில் முடிப்பவரோடு விலைப்புள்ளியில் எவ்வாறு போட்டியிடுவார்? பழைய தளத்தின் வீழ்ச்சிக்குத் தொழிலாளரின் திறக்குறைவைக் காரணமாகக் கூறும் வழக்கம் உண்டு. அதனை யாம் ஏற்பதில்லை. அளக்கப்படாத தரம் விலை பெறவில்லை. விலை பெறாததை எவரும் செய்யவில்லை.

அடிக்காத காரையில் இடைவெளி மிகும். இடைவெளியில் நீர் புகும். நீர் ஏறிய காரை வெப்பத்தை எளிதிற் கடத்தும். தட்டோட்டின் இணைப்பு வழியே இறங்கிய மழை ஆண்டுக்கணக்கில் உள்ளே தங்கும். இவ்வாறு ஒரு குறை மற்றொன்றைப் பெற, வீட்டுக்காரர் ஒழுகலை மட்டும் காண்கின்றார். வெப்பம் மிகுந்ததைக் கோடையின் குற்றமாகக் கொள்கின்றார்.

இனி மூன்றாம் அளவையைக் காண்போம். குடியிருப்பு முதலிய கட்டடங்களின் வெப்பத்தடைக்கென 3792 எண்ணுடைய வழிகாட்டி 1978-ஆம் ஆண்டிலேயே திருத்தி வெளியிடப்பட்டது. 2018-ஆம் ஆண்டு திசம்பரில் ஒன்றிய மின்துறை 'ஈகோ நிவாசு சம்கிதை' என்னும் குடியிருப்பு ஆற்றல் விதியின் முதற்பகுதியை வெளியிட்டது. அது கூரைக்கு ஒரே எண்ணை வைத்தது. உள்ளும் புறமும் 1 பாகை வேறுபாடு இருக்கும்போது 1 சதுர மீட்டர்க் கூரை வழியாகக் கடக்கும் வெப்பம் 1.2 வாட்டுக்கு மேற்படலாகாது என்பது அவ்விதி. இதனை வெப்பக்கடப்பு எண் என வழங்குவாம்.

நம் கூரைகளை இவ்வெண்ணால் அளந்து பார்த்தல் வேண்டும். பொருள்களின் வெப்பங்கடத்தும் திறனுக்கு இந்தியப் பொறியியலார் கையாளும் அளவுகளைக் கொள்வோம்: கான்கிரீட்டுக்கு 1.58, சுண்ணாம்புக் காரைக்கு 0.73, ஓட்டுக்கு ஏறத்தாழ 0.80. பரப்பையொட்டிய காற்றின் தடையையும் சேர்த்துக் கணக்கிட, 100 மி.மீ. வெற்றுக் கான்கிரீட்டுப் பலகத்தின் கடப்பெண் 3.66 ஆகின்றது. அதன்மேல் 75 மி.மீ. சுருக்கியும் 20 மி.மீ. தட்டோடும் இட்டால் 2.49. மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது. விதியின் எல்லையை எட்டவில்லை. சுருக்கியைக் கொண்டே 1.2-ஐ எட்ட விரும்பின் 39 சென்டிமீட்டர்த் தடிப்பு வேண்டும். அதன் எடை சதுர மீட்டருக்கு 600 கிலோகிராமுக்கு மேற்பட்டுவிடும். எந்தச் சிறு வீட்டுப் பலகமும் அதனைத் தாங்காது.

பழைமையைப் போற்றுவார்க்கு இக்கணக்கு உவப்பாக இராது. ஆயினும் உண்மையை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. சென்னைத் தளம் வெப்பத்தைத் தடுத்ததைவிட அதனைத் தாங்கி வைத்துக் காலந்தாழ்த்தியதே மிகுதி. பகலில் உண்ட வெப்பத்தை அது மாலையிலும் இரவிலும் உமிழ்ந்தது. வீட்டார் அப்போது உள்ளே இல்லை. தளத்தின்மேல் பாய் விரித்துக் கிடந்தனர். நிலாமுற்றம் என்னும் பெயரின் மெய்ப்பொருள் இதனால் மேலும் விளங்கும். தளமும் வாழ்க்கை முறையும் ஒன்றற்கொன்று பொருந்தியிருந்தன. மாடிமேல் மாடி எழுந்து, மொட்டை மாடி பொதுவிடமாகி, உறக்கம் உள்ளறைக்கு வந்தபின், தாழ்த்தி வரும் வெப்பம் உறங்குவார்மேல் இறங்குகின்றது.

இக்கணக்கில் வியப்பு வேறொன்று. 15 சென்டிமீட்டர்த் தடிப்புள்ள வைக்கோற் கூரைக்குக் கடத்துதிறன் 0.09 எனக் கூட்டியே கொண்டாலும் கடப்பெண் 0.53 ஆகின்றது. பெரும்பாணாற்றுப்படையின் வரகு வைக்கோல் வேய்ந்த சீறூர் 2018-ஆம் ஆண்டின் விதிக்கு உட்படும். பூம்புகாரின் வேயா மாடம் உட்படாது.

குடிசையும் கான்கிரீட்டு வீடும்

எனவே குடிசைக்கே மீள்வோம் எனக் கூறுவார் கருத்து எமக்கு உடன்பாடன்று. 2004-ஆம் ஆண்டு சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அந்நாளுக்குப்பின் தமிழகத்தில் கீற்றுக் கூரையின் வெப்பத்தடையை மட்டும் எடுத்துப் புகழ்தல் எவர்க்கும் தகாது. தீ, புயல், கறையான், ஆண்டுதோறும் கூடும் கூலி ஆகிய அனைத்தும் தரக்கணக்கில் சேர்ந்தவை. குடிசை நீங்க வேண்டும் என ஏழை மக்களே விரும்புகின்றனர், அவ்விருப்பம் நேரியது.

அரசும் அவ்வழி நின்றது. 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் ஆறாண்டில் 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட்டு வீடுகளாக்கக் கருதியது. 2011-இல் வந்த முதலமைச்சரின் சூரியஒளி பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 இலட்சம் ரூபாய் வகுக்கப்பட்டது. 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் 8 இலட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டு, 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 இலட்சம் ரூபாய் வழங்குகின்றது. இதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட்டுக் கூரை. சதுர அடிக்கு வகுத்தால் முன்னது 600 ரூபாய், பின்னது 972 ரூபாய். தொகை அறுதியிடப்பட்ட வீட்டில் கம்பி குறைந்தால் வீடு விழும். கதவு குறைந்தால் உடனே தெரியும். கூரையின் மேற்போர்வை குறைந்தால் விழுவதும் இல்லை, தெரிவதும் இல்லை. ஆகவே பணம் முட்டும்போது முதலில் கைவைக்கப்படும் இடம் அதுவாகவே இருக்கும் என யாம் கருதுகின்றோம்.

300 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 27.9 சதுர மீட்டர். வெயிலேறிய கூரைப்புறம் உள்ளறையைவிட 20 பாகை மிகுந்து நிற்கும் பொழுதில், நிலைத்த ஓட்டமாகக் கொண்டு கணக்கிடின், வெற்றுப் பலகத்தின் வழியே ஏறத்தாழ 2,000 வாட்டு வெப்பம் இறங்கும். சுருக்கி இட்டால் 1,400. விதியின் எல்லையில் நின்றால் 670. பழைய வைக்கோற் கூரையில் 300. கீற்றுக்கு அடியில் பிறந்து வளர்ந்தவர் வெற்றுப் பலகத்துக்குக் கீழ்க் குடிபுகும்போது, தீயச்சம் நீங்கப் பெற்று, கூரை வழி இறங்கும் வெப்பத்தை ஏழு மடங்காக ஏற்கின்றார். தமிழக அரசு 2024-ஆம் ஆண்டு அக்தோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவித்தொகை வகுத்தது. அத்தொகை கனவு இல்லத்தின் தொகையினும் மிக்கது.

அவ்வாறாயின் 1.2 என்னும் விதி இவ்வீட்டைக் காவாதோ? காவாது. 2018-ஆம் ஆண்டு விதி 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் எழும் குடியிருப்புகளுக்கென வகுக்கப்பட்டது. 33 சதுர மீட்டர் வீடு அதன் கண்ணிற் படாது. குளிரூட்டும் பொறி வைக்க வல்லார் வீட்டுக்குத் தரவிதி உண்டு. மின்விசிறியையே நம்பியிருப்பார் வீட்டுக்கு இல்லை. மின்செலவைக் குறைப்பது அவ்விதியின் குறிக்கோள் ஆதலின் இது முறையே என வாதிடலாம். வாதம் சரியாயினும் வெப்பம் வாதத்தைக் கேளாது.

பொருட்செலவோ பெரிதன்று. சுருக்கி இட்ட தளத்தில் 2.49-ஐ 1.2 ஆக்குவதற்கு, தெர்மாகோல் என மக்கள் வழங்கும் பாலிசுடைரீன் நுரைப்பலகை ஏறத்தாழ 16 மி.மீ. தடிப்பில் போதும். அழுத்தந் தாங்கும் செறிவுடைய பலகையாக இருத்தல் வேண்டும் என்பது உண்மை, எனினும் 27.9 சதுர மீட்டர்க் கூரைக்கு வேண்டுவது அரைக் கன மீட்டரினும் குறைவே. ஆனால் இங்கே பழைய இடர் புதிய உருவில் வருகின்றது. பலகத்துக்கும் சுருக்கிக்கும் இடையே வைத்து மூடியபின், அது 16 மி.மீ. தானா 10 மி.மீ. தானா, பலகைகள் இடைவெளியின்றிப் பொருந்தினவா, சுருக்கி இடுமுன் பெய்த மழையில் நனைந்தனவா என்பதை வீட்டுக்குரியார் காண வழியில்லை. கட்டை துள்ளும் ஓசையைக் கேட்ட காது அங்குப் பயன்படாது. கணக்கிட்ட எண் வரைபடத்தில் இருக்கும், கூரையில் இருக்கின்றதா என்பது தெரியாது. மூடுவதற்கு முன் வேலையை ஒரு நாள் நிறுத்தி, குடிபுகுவோரே அளவுகோல் வைத்துப் பார்த்து ஒப்பமிட்ட பின்னரே அடுத்த தவணை வழங்கப்படும் என்றொரு வரியை வேலைக்குறிப்பில் சேர்த்தல் அரசுக்கு எளிது. அதற்காகும் செலவு 3.50 இலட்சத்தில் ஒரு கொத்தனாருக்கும் இரு சித்தாட்களுக்கும் உரிய ஒரு நாட் கூலி.